கிறவல் சரிவுக்குத் திரும்பிப் போன ஜெசிந்தா

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது என் தொலைபேசி அடித்தது. திரையில் ஜெசிந்தாவின் பெயர். பேசியது அவருடைய கணவர் அன்ரன்.

"ஜெசி போயிட்டா, சிவா," என்றார்.

எங்கே போய்விட்டார் என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை வேலை முடிந்து கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கியவர், நாலு அடி நடந்து அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே இதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்துமூன்று. அன்று மத்தியானம்தான் தன் பொரித்த மீனில் பாதியை என் சோற்றில் வைத்தார். அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கும் செய்தி இப்படித்தான் திடீரென்று வந்திருக்கும். ஐந்து நாளாகியும் எனக்கு அது பிடிபடவில்லை. காலையில் அலுவலகக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

மண் ஆய்வுப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவரின் மகள். இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர் என்று ஒருநாள் கேட்டேன். "எங்கட ஒழுங்கையில மண்ணைப் பார்க்கிறதெண்டா ரோட்டைக் கிண்டவேணும். அந்த ஆசைதான்," என்றார்.

வன்னிப் பக்கம் ஒரு காட்டுச் சரிவை அளக்க எங்களை அனுப்பினார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களை அங்கே குடியேற்றுவதாகத் திட்டம். குழிக்குள் இறங்கி மண்ணைப் பார்த்தவர் ஜெசிந்தா. மேலே நின்று எழுதியவன் நான். மேற்பரப்பில் நாலு விரல் கனத்துக்கு இலை மக்கிய கருமண். அதன் கீழே செம்பழுப்பு மண். அரை முழம் தாண்டியதும் பாதிக்கு மேல் கிறவல், வெறும் சரளைக்கல். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். நான் வாளியைக் கீழே வைக்குமுன் அது உள்ளே போய்விட்டது.

படிவத்தில் நீர்வடிப்பு என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினேன். தண்ணீர் தேங்காது, வேர் அழுகாது என்பதுதான் அதற்குப் பொருள். பயிருக்கு நன்று என்பதல்ல. ஆனால் அது நல்ல மழை பெய்த வருடம். காடு பச்சைப்பசேலென்று நின்றது. சோளமும் பயறும் விளையும் நிலம் என்று வரைபடத்தில் குறித்து, இருவரும் கையொப்பமிட்டோம்.

சில வருடங்களின் பின் வேறொரு வேலையாக அந்த வழியால் போன ஜெசிந்தா இறங்கிப் பார்த்திருக்கிறார். மரங்களை வெட்டியபின் வந்த இரண்டு மாரியிலேயே கருமண் கழுவுண்டு போயிருந்தது. மேலே வெறும் கிறவல். பத்து நாள் மழை இல்லையென்றால் சோளம் நின்ற நிலையில் காய்ந்தது. கொழும்புக்கு வந்ததும் நேரே என் மேசைக்கு வந்தார்.

"நாங்கள் பார்த்தது மண்ணை இல்ல, மரத்தை. அந்தப் பச்சையெல்லாம் காடு தன்ர இலையைப் போட்டுப் போட்டுச் சேர்த்தது," என்றார்.

வரைபடத்தைத் திருத்தி அனுப்பிவிடலாம் என்றேன்.

"படத்தை இங்க இருந்து திருத்தலாம். அந்தச் சனத்திட்டச் சொல்ல அங்கதான் போகவேணும். நீரும் வாரும்."

மகளுக்குப் பரீட்சை என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். பரீட்சை இருந்தது உண்மை. அதனால்தான் போகவில்லை என்பது பொய்.

அவர் தனியே போனார். பிழையான படம் தன்னுடையது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, ஒருவர் காறித் துப்பிவிட்டு வெளியேறினாராம். பார்வதி என்ற பெண் மட்டும், அப்படியென்றால் இந்த நிலத்தில் என்னதான் நிற்கும் என்று கேட்டிருக்கிறார். பதிலைத் தேடிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி ஜெசிந்தா திரும்பினார்.

அதன்பிறகு ஆறு வருடம், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்கே போனார். நடுச்சரிவில் வேர் ஆழமாய் இறங்கும் மரமுந்திரிகையும் வேம்பும் வைக்கச் சொன்னார். அவற்றுக்கிடையே ஆட்டுக்குப் புல். கழுவுண்ட மண் போய்ச் சேர்ந்திருந்த அடிவாரத்தில் மட்டும் மரக்கறி. உச்சிப் பகுதியை யாரும் தொடாமல், சருகைக் கொளுத்தாமல் விடச் செய்தார். எல்லாம் சரிவரவில்லை. முதல் கன்றுகள் பட்டுப்போயின. இரண்டு குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டன. திரும்பி வந்து அதையும் மறைக்காமல் என்னிடம் சொல்லுவார். ஏன் வரவில்லை என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இறுதிச் சடங்கன்று கொட்டாஞ்சேனை வீட்டில், பெட்டியின் கால்மாட்டில் ஒரு பெண் அமர்ந்திருந்தார். பார்வதி என்று அன்ரன் அறிமுகம் செய்தார். நான் ஜெசிந்தாவோடு வேலை செய்தவன் என்றேன்.

"அந்தப் படத்தத் தான் ஒருத்தியாத்தான் போட்டேன்னு மிஸ் சொல்லுவாங்க," என்றார் பார்வதி. "அம்புட்டுக் காட்டயும் ஒரு பொம்பள எப்படி அளந்தாங்கன்னு நாங்க பேசிக்குவோம்."

இத்தனை வருடமும் துப்பலையும் ஏச்சையும் தனக்கென்று வாங்கிக்கொண்டு, என் பெயரை அவர் சொல்லவேயில்லை. நான் பெட்டியின் பக்கம் பார்க்கவில்லை.

"அவ தனிய அளக்கயில்ல. நானும் கையொப்பம் வைச்சனான். நன்று எண்டு எழுதினது நான்தான்," என்றேன்.

அன்ரன் திரும்பிப் பார்த்தார். பார்வதி ஏசவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. உச்சியில் காடு மறுபடி எழும்புகிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் சொல்லாமல் விட்ட என் பெயரைத்தான். வரும் சனிக்கிழமை வவுனியா பஸ்ஸில் இடம் போட்டிருக்கிறேன். அந்தச் சரிவில் இன்னும் பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் அந்தப் பெயரை நான் போய்ச் சொல்லவேண்டும்.