ஜன்னல் சீட்டுக்கு ஒரு நெவர்தலெஸ்

டயகமவிலிருந்து ஹட்டனுக்கு வகுப்புக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக எனக்கும் என் கூட்டாளிக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சண்டை வரும். சண்டைக்கு ஒரு விதி வைத்திருந்தோம். இங்கிலீஷ் வகுப்பில் எங்கள் வாத்தியார், சேர் என்றுதான் கூப்பிடுவோம், சொல்லித் தந்த கனமான சொற்களில் ஒன்றைப் போட்டு, வெளியே தெரிவதைப் பற்றி முதலில் வாக்கியம் சொல்கிறவளுக்கு ஜன்னல். நெவர்தலெஸ், நாட்வித்ஸ்டாண்டிங், ஆல்பீட். எல்லாம் நம்ம 'ஆனாலும்', 'இருந்தாலும்'தான். கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கோட்டு மேல் பைத்தியம். அவளுக்கு ஜன்னல் மேல். அநேகமாக அவள்தான் ஜெயிப்பாள்.

கட்டுரைக்கு சேர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். எதிராளி சொல்வதை முதலில் மரியாதையாக ஒத்துக்கொள்ளணும், அப்புறம் நெவர்தலெஸ் போட்டுத் திருப்பணும்.

பரீட்சை நெருங்கும்போது, அவளைக் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்கு அனுப்பப் போவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். ஏலெவல் பரீட்சை எழுதாமலே போகணும். நான் பேசிப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். பஸ்ஸில் அத்தனை வாக்கியம் சொன்னவள் இல்லையா நான்.

அவர்களுடைய தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோது மாமா, அதாவது அவள் அப்பா, தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சேர் சொன்ன மாதிரியே ஆரம்பித்தேன். "நீங்க சொல்றது சரிதாங்க மாமா. வீட்டு நெலம அப்படித்தான் இருக்கு." நெவர்தலெஸ்ஸுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தணும் என்பதும் பாடத்தில் உண்டு. நிறுத்தினேன்.

மாமா அடுப்பங்கரையில் நின்ற மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? படிக்கிற புள்ளயே சரிங்குது." கோப்பையை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு பீலித் தண்ணியில் குளிக்கக் கிளம்பினார். என் மீதி வாக்கியம் வாயிலேயே நின்றது.

அவள் வாசலில் மறித்தாள். "போறேன்ப்பா ஆனா பரீட்ச எழுதிட்டுத்தான் போவேன்." நடுவில் மூச்சுகூட விடவில்லை.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைக்காரரிடம் என்ன சொல்வதென்று தனக்குள் முனகினார். பிறகு, எழுதித் தொலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பஸ் முழுக்க அவள் என் மாதிரி பேசிக் காட்டிச் சிரித்தாள். "சரிதாங்க மாமா"வுக்கப்புறம் என் முழியையும் விடவில்லை. "ஒன்னய தூது அனுப்புனா இருக்கிற லயமும் போயிரும்டீ" என்றாள்.

பரீட்சை எழுதினாள். சொன்னபடியே கொழும்புக்கும் போனாள்.

இப்போது நான் அதே பஸ்ஸில் டிப்ளோமா வகுப்புக்குப் போகிறேன். ஜன்னல் சீட் கேட்காமலே கிடைக்கிறது. சில ஞாயிறுகளில், கடை திறப்பதற்குமுன், அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் வரும்: நெவர்தலெஸ். வெளியே தெரிவதைப் பார்த்து மீதியை நான் எழுதணும். பனி, கொழுந்துக் கூடைகள், நனைந்த ரோடு என்று எழுதி அனுப்புவேன். லேட், ஜன்னல் எனக்குத்தான் என்று பதில் வரும்.

நானும் ஜன்னலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.