எனக்குத் தெரியாத சிவப்பு

பருத்திச் செடியின் இலை சிவந்து நிற்பதை நான் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டில், பருத்திக்கு நடுவிலேயே வளர்ந்தவன்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தை மாதம் அய்யாவுக்குக் காலில் முள் குத்திப் புரையோடிவிட்டது. அப்பாவைத்தான் நாங்கள் அய்யா என்போம். கட்டிலில் கிடந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, மேலக்காட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. பனி ரொம்ப விழுது. பருத்தி எல செவந்துருக்கான்னு பாத்துச் சொல்லு."

சைக்கிளில் போய், செடிகளுக்கு நடுவே நடந்து பார்த்தேன். கொஞ்சம் வாடினாற்போல மங்கலாக இருந்தன. அவ்வளவுதான். "நல்லாத்தான்யா இருக்கு" என்றேன். அடுத்த வாரம் அனுப்பியபோதும் அதையே சொன்னேன்.

கால் ஆறியதும் அவரே காட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பாதிக் காடு ரத்தமாச் செவந்து கெடக்கு. என்னத்தல பாத்த நீ?"

"நான் பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ எங்க பாத்த? ரோட்டுலயே சைக்கிள நிப்பாட்டிட்டுத் திரும்பியிருப்ப."

விவசாய ஆபீசில் கேட்டு மருந்து வாங்கி அடித்தார். அதற்குள் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது. அதன்பிறகு காட்டைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டார். நான் வீட்டில் இருக்கும்போதே கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் தனியாகப் போனேன். குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். இவர் எதைச் சிவப்பு என்கிறார் என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றில் நான் மட்டும் மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரி ஆய்வகத்திலும் அப்படித்தான். சாயம் ஏற்றிய தண்டுச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து வரையும்போது, பக்கத்தில் இருப்பவன் எந்தப் பென்சிலை எடுக்கிறான் என்று பார்ப்பேன். பென்சிலின் மேல் நிறத்தின் பெயர் அச்சடித்திருக்கும். அதை வாசித்து எடுத்துத் தீட்டிவிடுவேன்.

படிப்பு முடிந்ததும் ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எழுதித் தேறினேன். மணியாச்சி மாதிரி ஒரு ஜங்ஷனில், வெள்ளை உடுப்பில், ஒவ்வொரு ரயிலையும் வழியனுப்பி நிற்பேன் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். மருத்துவப் பரிசோதனை மதுரையில். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளிகள்.

"என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா சார்? புள்ளிதான் இருக்கு."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூடிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரிஞ்சு தெரியல தம்பி. பிறவியிலேயே இருக்கிறது. அம்மா வழியா வரும். வேற ஒரு குறையும் இல்லை. இந்த வேலைக்கு மட்டும் ஆகாது."

பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினேன். சாத்தூர் தாண்டியதும் இருபுறமும் பருத்திக் காடு. மேலக்காட்டில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் சிரித்துப் பேசியபடி புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களும் நானும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம், பார்ப்பது மட்டும் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் உடல்தகுதி இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். அவள் வழியாக வந்தது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். அய்யாவிடம் மறுநாள் காட்டில் வைத்து முழுதும் சொன்னேன். அவர் ஒரு இலையைக் கிள்ளி நீட்டினார்.

"இது?"

"தெரியலய்யா."

"இது செவப்பு." இன்னொன்றைக் கிள்ளினார். "இது பச்ச. வித்தியாசமே தெரியலயா?"

"இல்லய்யா."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் என்னை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரியாத அந்தச் சிவப்பு ஏன் வருகிறது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். இலைக்குப் பச்சை தருவது பச்சையம். இலை முதிரும்போதும், மண்ணில் மக்னீசியம் குறையும்போதும் அது சிதைகிறது. அடியில் மறைந்து கிடந்த மஞ்சள் நிறமி அப்போது வெளியே தெரிகிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை, தளிரிலிருந்தே இருப்பதுதான். சிவப்பு அப்படியல்ல. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் இலை செய்த சர்க்கரை வெளியேறாமல் உள்ளேயே தேங்கும். அதைக் கொண்டு இலை புதிதாக ஒரு சாயத்தைச் செய்துகொள்கிறது. வலுவிழந்த இலையை வெயிலின் கடுமையிலிருந்து அது காக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

அய்யாவிடம் இதைச் சொன்னபோது மெல்லச் சிரித்தார்.

"செவப்பே தெரியாதுங்குத. செவப்பு ஏன் வருதுன்னு எனக்குச் சொல்லுத. நல்ல கூத்துதாம்ல."

அந்த மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். ஆனால் அதிலிருந்து என்னோடு காட்டுக்கு வரும்போதெல்லாம், "அந்தா அது செவந்துருக்கு, இது இன்னும் செவக்கல" என்று குருடனைக் கைபிடித்துக் கூட்டிப்போவது போலச் சொல்லிக்கொண்டே வருவார். பிரியத்தில்தான் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக நான் அவரோடு போவதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பி.எட். முடித்து, கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியரானேன். ரயில்பாதைப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். பள்ளி மைதானத்தில் பெரிய வாதாங்கொட்டை மரம் இருந்தது. மாசி பிறந்தால் அதன் இலைகள் நிறம் மாறி உதிரும். அதை வைத்துத்தான் பாடம் நடத்துவேன். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஒருநாள் பாடம் முடித்து வெளியே வந்தபோது, எங்கள் கணக்கு டீச்சர் மரத்தடியில் அண்ணாந்து நின்றிருந்தார்.

"என்னா செவப்பு பாருங்க சார்! வெயில் பட்டு மரமே எரியுத மாதிரி இருக்கு."

"ஆமா டீச்சர்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. ஊருக்குப் போகத் தோன்றவில்லை, வேறு போக இடமும் இல்லை. பள்ளிக்குப் போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்தேன். உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி மடியில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் தெரிந்தது. மஞ்சளை எனக்கு எப்போதும் நன்றாகத் தெரியும். மற்றதெல்லாம் ஒரே பழுப்பு. டீச்சர் பார்த்தது எந்த இலையாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அப்போது வாட்ச்மேன் துடைப்பத்தோடு வந்தார்.

"லீவு நாள்ல என்ன சார், இங்கன தனியா?"

"சும்மாதான் அண்ணாச்சி."

"கால எடுங்க, கூட்டிட்டுப் போயிருதேன்."

கால்களைத் தூக்கிக்கொண்டேன். மடியிலிருந்த இலைகளையும் அவரிடமே தட்டிவிட்டேன். எல்லாவற்றையும் சுவரோரம் குவித்துத் தீ வைத்தார். புகை கண்ணைக் கரித்தது. எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு டீ குடித்தேன்.