வூட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். முந்திரி வியாபாரத்தில் சம்பாதித்து ஜெயங்கொண்டத்தில் மாடி வீடு கட்டினேன். செங்கல்லைத் தட்டிப் பார்த்தே எந்தச் சூளை என்று சொல்லிவிடுவேன். எந்தக் கான்ட்ராக்டரும் என்னை ஏய்த்ததில்லை.

மனைவி இறந்த பின் வந்த மழையில் அடுப்படிச் சுவர் விரிசல் விட்டது. முதலில் வந்த கான்ட்ராக்டர் மேலே பூசினால் போதும் என்றார். பூசி மறைக்கிற ஆள் எனக்கு ஆகாது, அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் விக்கிரமங்கலத்துக்காரர். விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"சுவத்த இடிச்சுத்தாங்க ஆகணும். அடுப்பு மேடையும் போயிடும்."

அவள் உயரத்துக்கு அளந்து நான் கட்டவைத்த மேடை அது. மேடையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

"அவசரமில்லீங்கய்யா. வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று வாசலுக்குப் போய்விட்டார். அவள் இறந்தது அவருக்குத் தெரியாது.

நானும் சொல்லவில்லை. மேடைப் பக்கம் திரும்பி, "இடிக்கணுங்கறாரு. என்ன புள்ள சொல்ற?" என்று கேட்டேன். கேட்ட கையோடு விரிசலிலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்னங்கய்யா சொல்றாங்க?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"யோசிக்கிறா. நீங்க போயிட்டு அப்புறமா வாங்க" என்றேன்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அடுப்படியை விட்டு நகர எனக்குக் கால் வரவில்லை.