மீந்துபோன ஊசி

என் சித்தி பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தடுப்பூசி போடும் நர்ஸ். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஊசியக்கா. தெருவில் அவரைக் கண்டாலே சிலர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். சித்திக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வருடம் தட்டம்மை பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டது. நாற்பத்தாறு பேர் படிக்கும் வகுப்புக்கு ஐம்பது ஊசிகளோடு போனார். ஊசி போட்ட பிள்ளையின் சுண்டுவிரலில் மை வைப்பார். வகுப்பு வாசலில் டீச்சர் அந்த மையைப் பார்த்துப் பதிவேட்டில் டிக் அடிப்பார். நாற்பத்தாறு டிக்கும் விழுந்தது. பெட்டியிலோ நான்குக்குப் பதில் ஐந்து ஊசிகள் மீதி.

"விடுங்க சிஸ்டர், கொண்டுவரும்போதே ஒண்ணு கூட வந்திருக்கும்," என்றார் டீச்சர்.

"ரெண்டு தடவ எண்ணித்தான் எடுத்தேன் டீச்சர். யாரோ ஒரு பிள்ள டிமிக்கி குடுத்திருக்கு."

திறந்த மருந்து சாயங்காலம் வரைதான் தாங்கும். இந்தப் பள்ளிக்கு மறுபடி வர மூன்று மாதமாகும்.

சித்தி யாரையும் மிரட்டவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் போய் நின்றார். "சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, பார்ப்போம்!"

அவர் வைக்கும் மை ஒரு வாரம் போகாது. ஒரு சிறுமியின் விரலில் மட்டும் அது கரைந்து ஓடியது. ஸ்கெட்ச் பேனா.

"அடி கள்ளி!" சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைத் தனியே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஊசின்னா அவ்வளவு பயமா கண்ணு?"

"பயமெல்லாம் இல்ல. கை வலிச்சா பாப்பாவ எப்படித் தூக்குறது? அம்மா வேலையிலேர்ந்து வர ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் நான்தான்."

"பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?"

"ஒம்பது மாசம் ஆகணுமாம். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அப்ப அதுவரைக்கும் அம்மைய நீ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது, இல்லியா?"

சிறுமி தானே சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "இந்தக் கையில போடுங்க. அந்தக் கைலதான் பாப்பா இருக்கும்."

அன்று சித்தி வீடு திரும்ப ஏழு மணி. தோளில் எச்சில் கறை.

"ஏன் சித்தி லேட்டு?"

"பாப்பா செம கனம்டி," என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.