அம்பைத் திருப்பியவர்

நான் வரைந்த படத்தை இன்னொருவர் தன்னுடையது என்று காட்டியதை, அதே அறையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ஏரியூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் தக்காளி வாங்கி, தரம் பிரித்து, குளிர்பதனக் கிடங்கில் வைத்து, தொப்பூர் வழியாக லாரியில் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு அது ஆறாவது வருடம். அன்று படத்தைக் காட்டியவர் பிரிவின் தலைவராகப் பெங்களூரிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. கொள்முதல், எடை, கிடங்கு, லாரி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி சாஃப்ட்வேர். ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. எல்லாவற்றையும் பேச வைக்க வேண்டும் என்றார் முதலாளி. அதற்கு முன் கம்பெனி எப்படி நடக்கிறது என்று வரைந்துவிடலாம் என்றேன். எந்த வேலையை யார் செய்கிறார்கள், எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, எந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்று முழு நிறுவனத்தையும் வரைவதைத்தான் எங்கள் தொழிலில் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்கிறோம். அது கையில் இருந்தால்தான் வேலைகளைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிக்கலாம். சரக்கு கொண்டுவரும் விவசாயிக்கு டோக்கன் கொடுக்க ஒன்று, எடைக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று. தேவைப்படும்போது ஒரு சர்வீஸ் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளும். எது எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அந்த வரைபடம்தான் சொல்லும்.

நான்கு மாதம் ஸ்கூட்டரில் அலைந்தேன். கிடங்குப் பொறுப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். என்னை இரண்டு நாள் உள்ளே குளிரில் நிற்க வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“டோக்கன் குடுக்குறதுக்கு முன்னாடி கொள்முதல் மேஸ்திரி எனக்குப் போன் பண்ணுவாருங்க. எடம் இருக்குதுன்னு நான் சொன்னாத்தான் டோக்கன். இது எந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்லீங்க.”

அதனால் என் படத்தில் ஓர் அம்பு மட்டும் பின்னோக்கிப் போகும். டோக்கன் கட்டத்திலிருந்து கிளம்பி, எடையைத் தாண்டிக் கிடங்குக்குப் போய், அனுமதி வாங்கித் திரும்பும். அவரிடம் காட்டி, ஓரத்தில் கையெழுத்தும் வாங்கிவைத்தேன்.

இதை எல்லாம் சேர்த்துத்தான் அன்றைக்குப் புதிய தலைவர் திரையில் காட்டினார். முதலாளி எழுந்து கை கொடுத்தார். தலைவர் என் பக்கம் லேசாகத் தலையசைத்து, “குறிப்பெல்லாம் எடுத்து ஹெல்ப் பண்ணாங்க” என்றார். அடுத்த திங்கட்கிழமை என்னைப் புகார் அழைப்புகள் எடுக்கும் மேசைக்கு மாற்றினார். “பாரும்மா, உனக்கு லோக்கல் ஆளுங்க பாஷை தெரியும். அங்கதான் நீ யூஸ்ஃபுல்” என்றார். அந்த ‘ம்மா’ இன்னமும் என் காதில் இருக்கிறது.

சில வாரம் கழித்து, சர்வீஸ் எழுதுகிறவர்களுக்கு அவர் அனுப்பிய இறுதி வரைபடம் மின்னஞ்சலில் எனக்கும் வந்தது. வண்ணமெல்லாம் மாற்றியிருந்தார். பின்னோக்கிப் போன என் அம்பையும் நேராக்கியிருந்தார். விவசாயி, டோக்கன், எடை, கிடங்கு, லாரி என்று ஒரே கோடு. பார்க்கச் சுத்தமாக இருந்தது. அதன்படி செய்தால் டோக்கன் சர்வீஸ் கிடங்கை எதுவும் கேட்காது. வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வரி பதில் எழுதியிருந்தால் போதும். எழுதவும் செய்தேன். பிறகு அழித்தேன். கைகழுவும் இடத்துக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். புதிய முறை தொடங்கப் பதின்மூன்று நாள் இருந்தது. அத்தனை நாளும் சரியான நேரத்துக்கு வந்தேன், அவருக்கு வணக்கம் சொன்னேன், புகார் அழைப்புகளை எடுத்தேன். அவர் முகத்திரை கிழியும் நாளை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொடங்கிய அன்று நல்ல வரத்து. பத்து மணிக்கெல்லாம் கிடங்கு நிரம்பிவிட்டது. டோக்கன் நிற்கவில்லை. பகல் ஒரு மணிக்குச் சாலையோரம் முழுக்கத் தக்காளிப் பெட்டிகள் வெயிலில் இருந்தன. நான் வாசலுக்குப் போனபோது ஏரியூரிலிருந்து வந்த ஓர் அம்மா கிடங்குப் பொறுப்பாளரின் வழியை மறித்து நின்றிருந்தார்.

“டோக்கன் குடுத்தீங்கல்ல? இப்ப எடமில்லன்னா நான் எங்கிங்க கொண்டு போவேன்? வூட்டுக்கா?”

அவர் நிரம்பிய கிடங்கின் கதவைத் திறந்து காட்டினார். அன்று சாயங்காலம் அந்த அம்மா கசிந்துபோன பெட்டிகளைச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, காலிப் பெட்டிகளோடு போனார்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். தலைவர் தான் நேராக்கிய படத்தைத் திரையில் போட்டார். “சிஸ்டம் கரெக்டா இருக்கு சார். கிடங்குலதான் இடத்த மேனேஜ் பண்ணத் தெரியல. அங்க ஆள மாத்தணும்” என்றார். கிடங்குப் பொறுப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்தேன். “ஒரு சந்தேகம் சார். டோக்கனுக்கும் கிடங்குக்கும் நடுவுல இருக்குற அம்ப ஏன் இப்படிப் போட்டீங்க?”

“ஃப்ளோ அப்படித்தானே?”

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

அவர் படத்தைப் பார்த்தார். அதில் விடை இல்லை. அவர் எடுத்துக்கொண்டது கோடுகளை. காரணங்கள் என் நோட்டில் இருந்தன. நான் என் பழைய தாளை முதலாளி முன் வைத்தேன். பின்னோக்கிய அம்பு, பக்கத்தில் மேஸ்திரியின் போன் பற்றிய குறிப்பு, ஓரத்தில் கையெழுத்து. முதலாளி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இத யாரு வரைஞ்சது?” என்றார். நான் தலைவரைப் பார்த்தேன். அவர்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

“அவங்கதான்” என்றார். அந்த ஒரு சொல்லின் ருசியை எப்படிச் சொல்வது? அன்று மதியம் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசியில் அவர் ராஜினாமா செய்தார். கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து, “உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே” என்றார். முதன்முறையாக ‘நீங்க’ வந்தது.

“நீங்க என் பேர முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்” என்றேன்.

அவர் விஷயத்தில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. இன்னொரு முறை அதே மின்னஞ்சல் வந்தாலும் முதலில் அந்தச் சிரிப்புதான் வரும்.

டோக்கன் சர்வீஸை நான்தான் திருத்தினேன். அது சரியாக ஓடத் தொடங்கிய வாரம், கிடங்குப் பொறுப்பாளர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தன் வேலையைக் காப்பாற்றியதற்காகத்தான். பாதி டீயில் கேட்டார்.

“அந்த அம்பு மாறியிருந்தத நீங்க எப்பங்க பாத்தீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஆரம்பிக்கிறதுக்குப் பதிமூணு நாள் முன்னாடி” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அந்த ஏரியூர் அம்மாவுக்கு நான்தாங்க பதில் சொல்லிட்டு நின்னேன்” என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் போனார். இப்போதும் எதிரே வந்தால் வணக்கம் வைப்பார். வேலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.