கண்டன்சர் என்று சொல்லத் தெரியாமல்

பழங்காநத்தத்தில் மோட்டார், ஃபேன் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. இன்ஜினியரிங் முடித்த பதினோரு மாதத்தில் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு அது. ஒரே ஒரு ஆள்தான் எடுப்பார்கள். அலங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கூடப் படித்த நண்பனும் நானுமாகப் போயிருந்தோம். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

இறக்கை கழற்றிய சீலிங் ஃபேன் ஒன்றை ஸ்டாண்டில் தொங்கவிட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் சுவிட்சைப் போட்டார். அது உறுமியது, சுற்றவில்லை.

"ஏன் தம்பி சுத்தல?"

எங்கள் வீட்டு ஃபேன் இப்படி நின்றபோது, பத்தாவது படிக்கையிலேயே நான் கண்டன்சர் மாற்றியிருக்கிறேன். தெருவில் நாலைந்து வீட்டுக்கும் மாற்றிக் கொடுத்தேன். ஆனால் முதல் வருடம் லேபில் கண்டன்சர் என்று சொன்னதற்கு, "எலக்ட்ரீசியன் வேலைக்கா வந்த? கெபாசிட்டர்னு சொல்லு" என்றார் சார். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எது கல்லூரிச் சொல், எது தெருச் சொல் என்று கேட்டுக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் நானே சந்தேகப்படத் தொடங்கினேன்.

ஆக்ஸிலரி வைண்டிங், ஃபேஸ் டிஃபரன்ஸ், ஸ்டார்ட்டிங் டார்க் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஸ்க்ரூடிரைவரையும் உதிரி பாகங்கள் இருந்த டப்பாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"சரி, இப்ப ஓட விடுங்க."

நான் சர்க்யூட் வரைய ஒரு தாள் கேட்டேன்.

கொடுத்தார். வரைந்தேன். படம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் நண்பன் இருந்தான்.

"என்ன மாப்ள, இப்புடி வேர்த்திருக்கு? உள்ள ஃபேன் இல்லையா?"

"இருக்கு. ஓடல."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்போல.

"எதையும் விளக்காத. கண்டன்சர் போச்சுன்னு சொல்லி மாத்தி விட்டுரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அவன் போனான். இரவல் ஷூ கடித்தது. கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்டு நின்றது. சற்று நேரத்தில், எதிலும் உரசாமல் சுற்றும் மெல்லிய சத்தம். அவனுக்காகக் காத்திருப்பதா, முதலில் வரும் பஸ்ஸைப் பிடிப்பதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.