கிணற்றில் விட்ட ஆமை

கிணற்றில் ஓர் ஆமை கிடந்தால் பாசியையும் புழுவையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பார்கள் எங்கள் அமிர்தி ஊர்ப் பக்கத்தில். போன கோடையில் கிணற்றைத் தூர் வாரியதிலிருந்து நானும் ஓர் ஆமையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை வரப்பில் ஒன்று நடந்து போனது. கறுத்த ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள். ஆசையாகத் தூக்கிக் கிணற்றில் போட்டேன்.

மோட்டார் பழுது பார்க்க வந்திருந்த கரீம் பாய் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"இன்னாக்கா போட்டீங்க?"

"ஆமை பாய். நட்சத்திரம் போட்டது."

"அது தரை ஆமைக்கா. நீஞ்சாது."

எட்டிப் பார்த்தேன். நான்கு கால்களும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. பதறிப்போய் வாளியை இறக்கினேன். வாளி இடித்து அது இன்னும் தள்ளிப் போனது. தலை ஒருமுறை மேலே வந்தது. பிறகு வரவில்லை.

கரீம் பாய் படியில் இறங்கி மூழ்கினார். இரண்டாவது முறை மூழ்கியபோதுதான் கையில் அகப்பட்டது. மேலே கொண்டுவந்து தலை கீழாகச் சாய்த்தார். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆமை அசையவில்லை. புங்க மரத்தடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

"இத காட்டுல புடிச்சி திருட்டுத்தனமா விக்கிறவன்கூட உசுரோடதாங்க்கா வச்சிருப்பான்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

வெகுநேரம் கழித்து முன்னங்கால் நகம் மண்ணைக் கீறியது. மாலையில் அது மெல்ல நடந்து புதருக்குள் போனது.

இப்போது வரப்பில் ஆமையைக் கண்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு வழி விடுகிறேன். கிணற்றுக்கு ஆமை தேடுகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன். அதைக் கொல்லப் பார்த்தது நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.